சாம்பிராணி போட்ட கார்

டிக்கி மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த முனிரத்தினம், மூன்றாவது முடிச்சும் நழுவியதும் கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டான். சைக்கிளின் பின்சக்கரமும் பாதி சீட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூடி முழுதாக இறங்கவில்லை. இரண்டு சாண் இடைவெளி விட்டு அந்தரத்தில் ஆடியது.

"அத்த இங்கியே உட்டுட்டு வாயேண்டா. அப்பால வந்து எடுத்துக்கலாம்" என்றாள் சொக்கம்மாள்.

"செங்கல்பட்டுல உட்டுட்டுப் போனா பெல்லுகூட மிஞ்சாது யக்கா. மாமியார் வூட்டு சைக்கிளு. அது இல்லாம போனா உன் தம்பி பொண்டாட்டி என்னை வாசப்படி ஏத்தமாட்டா."

அக்கா புருஷனைப் பற்றித் தகவல் தெரிந்து காலையில் சாலவாக்கத்திலிருந்து மிதித்துக்கொண்டே வந்தவன். அவனை மேற்கொண்டு எதுவும் சொல்ல சொக்கம்மாளுக்கு மனம் வரவில்லை.

வார்டு ஆட்கள் இருவர் சொக்கம்மாளின் புருஷன் ஏகாம்பரத்தைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்று முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்த வாக்கில் சாய்த்திருந்தார்கள். நாலு மாதத்தில் உடம்பு பாதியாகிவிட்டது. கால்கள் மட்டும் நீர் கோத்துப் பருத்திருந்தன. "நெஞ்சு ஓஞ்சு போச்சும்மா. இனிமே மருந்து கேக்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஏகாம்பரத்தின் அக்கா பவளம் கேட்டதற்கு, டாக்டர் ஜன்னலில் விழுந்த வெயிலைப் பார்த்தார்.

முப்பது வருஷம் கார் ஓட்டியவர் ஏகாம்பரம். அதில் கடைசி எட்டு வருஷம் சொந்தக் கார். திருப்புலிவனம், உத்திரமேரூர் பக்கத்தில் பிரசவமோ பெண் பார்க்கிறதோ, அந்த வெள்ளை அம்பாசடர்தான் வரும். இப்போது அதைக் கண்டதும் அவர் கண்கள் அலைந்தன. சுற்றி நின்ற யாரையும் அவர் பார்க்கவில்லை. பம்பருக்குக் கீழே பார்த்தார்.

சொக்கம்மாளும் அங்கே பார்த்தாள். பம்பரைத் தாண்டி அரைச்சாண் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய புகைக்குழாயின் நுனியைக் காணோம். துருப்பிடித்த வாய் வண்டிக்கு அடியிலேயே முடிந்திருந்தது.

"கொழா..." என்றார் ஏகாம்பரம்.

"தூக்குங்க, தூக்குங்க" என்றான் கோபால். நாலு மாதமாக வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான். பவளத்தின் மகன். "வெயில்ல எதுக்கு நிக்க வெக்கிறீங்க மாமாவ?"

பின்சீட்டில் ஏகாம்பரத்தை ஆஸ்பத்திரித் தலையணையோடு நடுவில் உட்காரவைத்து, இடப்பக்கம் சொக்கம்மாளும் வலப்பக்கம் பவளமும் முட்டுக்கொடுத்தார்கள். முனிரத்தினம் கோபாலுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். உட்கார்ந்த உடனே பவளம் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். குறுக்கே சாய்ந்து சொக்கம்மாள் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினாள்.

"காத்து வரட்டும் எந்தம்பிக்கு. கோபாலு, எங்கியும் நிறுத்தக் கூடாது. சொல்லிட்டேன்."

அவள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அவர்கள் தெருவில் வெளியே உயிர் போன உடம்பை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள். வாசலில் தெருவோரமாகக் கிடத்தி, எல்லாவற்றையும் அங்கேயே முடித்து எடுத்துப் போய்விடுவார்கள். பவளத்தின் புருஷன் காஞ்சிபுரத்தில் சந்தைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தார். ஐப்பசி மாசம். இரவெல்லாம் வாசலில் மழையில் கிடந்த அவர்மேல் பவளம் நனைந்த கோணியை எடுத்துவிட்டு வேறு கோணி போர்த்திக்கொண்டே இருந்தாள். தன் வீட்டுக் கதவு திறந்திருக்க, புருஷன் நனைந்தார். அதன் பிறகு பதினோரு வருஷம் ஆகியும் அவள் மழை சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

"மூச்சோட படி தாண்டிட்டா போதும். அப்பால சாமி வுட்ட வழி" என்றாள்.

பாலாற்றுப் பாலத்தில் கார் ஏறியபோது மணி ஒன்று. ஆற்றில் தண்ணீர் இல்லை. வெள்ளை மணல் கண்ணைக் கூசவைத்தது. சித்திரை வெயிலில் காரின் கூரை தோசைக்கல்லாகக் கொதித்தது. ஏகாம்பரத்தின் மூச்சு மேலும் கீழும் வாங்கியது. சொக்கம்மாள் அவர் மார்பைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு மூச்சுக்கும் தானும் ஒரு மூச்சு இழுத்தாள்.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏகாம்பரம் இருமினார். கண்ணில் நீர் வழிந்தது.

"பொக" என்றார்.

"இன்னா சொல்றான்?" என்று பவளம் குனிந்தாள்.

"பொக... வருது. பின்னாடி... மூடு."

பவளத்தின் முகம் வெளிறியது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்து, சொக்கம்மாளின் காதருகே வந்து மெல்லச் சொன்னாள். "சுடுகாட்டுப் பொக கண்ணுல தெரியுது அவனுக்கு. எங்கப்பாரும் இப்டித்தான். 'பொக, பொக'ன்னார். அன்னிக்கே பூட்டார். பின்னாடி யாரோ வர்றாங்கன்னு சொல்றாம் பாரு. யாரு வருவாங்க பின்னாடி? எருமைக்காரன்தான்." பிறகு குரலை உயர்த்தினாள். "டேய் கோபாலு, அழுத்துடா! இன்னும் கொஞ்சம் அழுத்து!"

கோபால் அழுத்தினான். டிக்கி மூடி கயிற்றோடு தடதடவென்று அடித்துக்கொண்டது. ஏகாம்பரம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வலக்கையைப் பின்னால் கொண்டுபோய் சீட்டின் முதுகை விரல்முட்டியால் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. கதவைத் தட்டுவதுபோல.

"ஆருக்கோ கதவு தட்றான்" என்று பவளம் அழ ஆரம்பித்தாள்.

ஒரு ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியதாயிற்று. வண்டி வர நேரமாகும் என்று கேட் ஆள் சொன்னதால் கோபால் என்ஜினை அணைத்தான். பவளம் கீழே இறங்கி, கேட் ஆளிடம் உள்ளே உயிர் இழுத்துக்கொண்டிருக்கிற கதையைச் சொல்லிச் சண்டை பிடித்தாள். முனிரத்தினம் பனைமரத்தடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவனிடம் ஓடி ஓலையில் இரண்டு சுளை வாங்கிவந்தான். நுங்கு நீரைச் சொக்கம்மாள் விரலில் தொட்டு ஏகாம்பரத்தின் உதட்டில் வைத்தாள். நாக்கு வெளியே வந்து நக்கியது. இருமல் நின்றிருந்தது. கண் தெளிந்து அவளைப் பார்த்தார்.

"யக்கா, எனக்கு வண்டியில ஏறினதுலருந்து ஒரே கொட்டாவி" என்றான் முனிரத்தினம். "எறங்கினா தேவலாங் கீது."

"ரெண்டு நாளா தூங்காதவ நானு. எனக்குத் தல வெடிச்சிப்போற மாதிரி வலிக்குது. நீ நேத்துலாம் வூட்ல படுத்துத் தூங்கினவன், உனக்கு இன்னா கொட்டாவி?" என்றாள் பவளம், வந்து ஏறிக்கொண்டே. "இப்ப கொஞ்சம் வுட்டிருக்குது தலவலி."

ரயில் போயிற்று. கேட் தூக்கியதும் கோபால் கார்சாவியைத் திருப்பினான். அரை மைல் போயிருக்காது. ஏகாம்பரம் மறுபடியும் இருமினார். "பொக" என்றார். சொக்கம்மாளின் நெற்றிப்பொட்டில் வலி ஏறியது.

அப்போது அவளுக்குச் சாம்பிராணி நினைவுக்கு வந்தது.

கார் வாங்கிய புதிதில் நடந்தது அது. பெருநகரிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் காஞ்சிபுரம் ஏற்றிப்போனார் ஏகாம்பரம். அவள் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். பிள்ளைத்தாய்ச்சி என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்வாள் என்றார்கள் எல்லோரும். "எனக்குந்தான் தல சுத்திச்சு. நான் இன்னா முழுகாம கீறனா?" என்று கேட்டார் ஏகாம்பரம். மறுநாள் சாம்பிராணிக் கரண்டியில் நெருப்பு அள்ளி, கைநிறையச் சாம்பிராணி போட்டு, அதை டிக்கிக்குள் வைத்து மூடினார். சொக்கம்மாளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினார். "எந்த எடத்துல பொக எட்டிப் பாக்குதோ அங்க வெரல வை" என்றார். சீட்டு முதுகின் இடுக்கில் ஒரு நூல் புகை வந்தது. விளக்குக் கம்பி நுழையும் ஓட்டையில் ஒன்று. தரைப்பலகை மடிப்பில் ஒன்று. அவள் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவர் சாக்கட்டியால் வட்டம் போட்டார். சைக்கிள் டியூபை வெட்டியும் கோணியைத் தாரில் முக்கியும் ஒவ்வொன்றாக அடைத்தார். டிக்கி விளிம்புக்கு ரப்பர் ஒட்டினார். கடைசியாகப் புகைக்குழாயின் நுனியில் அரைச்சாண் குழாய் வைத்துப் பற்றவைத்து, வாயை வண்டிக்கு வெளியே கொண்டுவந்தார்.

தெரு கூடி நின்று சிரித்தது. "புள்ள பெத்தவளுக்குத் தலைக்குச் சாம்பிராணி போடுவாங்க. எந்தம்பி காருக்குப் போடறான். எப்ப குட்டி போடுமோ?" என்றவள் பவளம்தான். சொக்கம்மாளும் எரிச்சலோடுதான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் புடவை நாற்றம் போகவில்லை. ஆனால் அவர் அன்று வட்டம் போட்டுக்கொண்டே பேசியது மறக்கவில்லை.

ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றில் ஒரு பள்ளம் விழுகிறது என்றார் அவர். ஏரியில் ஒரு பலகையை நிமிர்த்தி இழுத்தால் தெரியும். பலகைக்கு முன்னால் தண்ணீர் மேடு கட்டும், பின்னால் குழி விழும். குழியை நிரப்பச் சுற்றியுள்ள தண்ணீர் சுழித்து ஓடிவரும், செத்தையையும் நுரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து பலகையின் முதுகிலேயே அப்பும். டவுன் பஸ் முன்னால்தான் போகிறது. ஆனாலும் கடைசி சீட்டில் உட்கார்ந்தவன் தலையில்தான் செம்மண் படிகிறது. காரும் அப்படித்தான். பின்னால் கக்குகிற புகை பின்னாலேயே போய்விடுவதில்லை. வண்டியின் முதுகிலேயே சுழன்றுகொண்டு கூட வருகிறது. ஒரு சந்து கிடைத்தால் போதும், உள்ளே வந்துவிடும். பின்கண்ணாடியைத் திறந்தால் காற்று வராது. உள்ளே இருக்கிற காற்று அந்த வழியாக வெளியே உறிஞ்சப்படும். போன காற்றுக்கு ஈடாக, டிக்கி வழியே புகை வந்து நிரம்பும். அதனால் முன்னால் திறக்க வேண்டும், பின்னால் மூட வேண்டும். முன்னால் நுழைகிற காற்று உள்ளே இருந்து நெட்டித் தள்ளும்போது புகை எப்படி எதிர்த்து வரும்?

"பொகையில ரெண்டு ஜாதி" என்றும் சொன்னார். "ஒண்ணு கண்ணக் கரிக்கும், இரும வைக்கும். அது குலைக்கிற நாயி. அதுக்குப் பயப்படாத. அது பின்னாலயே இன்னொண்ணு வரும். வாசன கெடையாது, ஒண்ணும் கெடையாது. மொதல்ல தலவலி, அப்பால தூக்கம். அவ்ளோதான்."

சொக்கம்மாள் முந்தானையின் நுனியைத் தன் பக்கத்து ஜன்னலருகே பிடித்தாள். அது உள்ளே பறக்கவில்லை. வெளியே பறந்தது. ஆஸ்பத்திரித் தலையணையின் கிழிசலிலிருந்து ஒரு பிசிறு பஞ்சைப் பிய்த்து, ஏகாம்பரத்தின் தலைக்குப் பின்னால், சீட்டு முதுகின் இடுக்கில் காட்டினாள். பஞ்சு முன்பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. அந்த இடுக்குக்குப் பக்கத்திலேயேதான் அவர் வாய் திறந்து திறந்து மூடியது.

"கோபாலு, வண்டிய நிறுத்து."

"இன்னா அத்தை?"

"நிறுத்து. பொக உள்ள வருது. அவரு காரச் சொல்றாருடா. சுடுகாட்டச் சொல்லல."

"பேஜார் பண்ணாத சொக்கு" என்றாள் பவளம். "சாலவாக்கமே இன்னும் வரல."

"அண்ணி, அவரு மொதல்லருந்து அத்தத்தான சொல்லிக்கினு கீறாரு. பின்னாடி மூடுன்னா டிக்கிய மூடுன்னு. உங்களுக்குத் தலவலி எப்ப வுட்டுது? என்ஜின் நின்னப்ப வுட்டுது. இவனுக்குக் கொட்டாவி எப்ப நின்னுது?"

"வண்டி நல்லாத்தான் ஓடிக்கினு கீது அத்தை" என்றான் கோபால். கண்ணாடியில் அவன் கண் அவளைச் சந்திக்கவில்லை.

"கொழா நுனி எங்கடா?"

அவன் கியரை மாற்றினான்.

"எங்கடா?"

"தை மாசமே வுழுந்துடுச்சு. ஒரு கல்யாண சவாரில. வைக்கலாம் வைக்கலாம்னு..."

"நிறுத்துடா!"

சொக்கம்மாள் பின்னாலிருந்து எட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மகன்போல நினைத்தவனை அவள் தொட்டு அதட்டியது அதுவே முதல் தடவை. கார் ஓரத்தில் புளியமரத்தடியில் குலுங்கி நின்றது.

பவளம் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "நீ நிறுத்தற ஒவ்வொரு நிமிசமும் அவன் மூச்சுடி. வழியில பூட்டான்னா, தெருவுல கெடந்தான்னா, அது உன்னாலதான். நான் சும்மா வுடமாட்டேன்."

"சரி அண்ணி. என்னாலதான்."

கையை உருவிக்கொண்டு இறங்கினாள். முனிரத்தினம் அதற்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு இறுகிவிட்டிருந்தது. பல்லால் இழுத்தான், வரவில்லை. நுங்குக்காரன் கொடுத்த ஓலைக்காம்பைச் செருகி நெம்பினான். சைக்கிள் மட்கார்டு டிக்கி கொக்கியில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. கோபால் வந்து ஒரு உதை விட்டான். மட்கார்டு நசுங்கி, சைக்கிள் வெளியே வந்தது.

"அடப்பாவி! புது மட்கார்டுடா!"

"மாமியார் வூட்ல கேளு, இன்னொண்ணு குடுப்பாங்க."

"நீங்க போங்க யக்கா. நான் மிதிச்சுக்கினு வந்துடறேன்." முனிரத்தினம் குனிந்து காருக்குள் பார்த்தான். ஏகாம்பரத்தின் முழங்கையைத் தொட்டு, "மாமா, வரேன்" என்றான். அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. சைக்கிளைச் சாலைக்கு ஏற்றி, ஏறாமலே சிறிது தூரம் தள்ளிக்கொண்டு ஓடினான்.

டிக்கி மூடி இறங்கிப் பூட்டிக்கொண்டது. விளிம்பு ரப்பர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. சொக்கம்மாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன துணிமூட்டையை அவிழ்த்து, ஒரு பழைய புடவையை நீளவாக்கில் கிழித்தாள். செம்பில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினாள். உலர்ந்த துணி வழியாகப் புகை நுழையும், நனைந்த துணி சந்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பட்டையைக் கோபால் டிக்கி விளிம்பில் வைத்து அடைத்தான். இன்னொன்றைச் சீட்டு முதுகின் இடுக்கில் அவளே கத்திமுனையால் திணிப்பதுபோல விரல் நுனியால் திணித்துக்கொண்டு போனாள். ஏகாம்பரத்தின் தோளுக்குப் பின்னால் கை போகவில்லை. பவளம் அவரைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு இடம் விட்டாள்.

பின்கண்ணாடி இரண்டையும் சொக்கம்மாள் ஏற்றினாள்.

"வேகுமேடி" என்றாள் பவளம். ஆனால் தடுக்கவில்லை.

"கோபாலு, முன்னாடி ரெண்டு முக்கோணக் கண்ணாடியையும் தெற. சும்மா தெறக்காத. காத்துக்கு எதிரா திருப்பி வை, மொறம் புடிக்கிற மாதிரி."

வண்டி கிளம்பியது. முதலில் உள்ளே இருந்த சூடு முகத்தில் அறைந்தது. வேகம் பிடித்ததும் முன்னால் இருந்த இரண்டு சின்னக் கண்ணாடிகளும் காற்றை வாரி உள்ளே எறிந்தன. கோபாலின் கிராப்பு பறந்தது. காற்று சீட்டைத் தாண்டி வந்து ஏகாம்பரத்தின் நெற்றியில் மோதியது. அது வெயில் காற்றுதான், வறண்ட வயல் நாற்றம்தான். ஆனாலும் அதில் கரிப்பு இல்லை. சொக்கம்மாள் மறுபடி ஒரு பிசிறு பஞ்சை இடுக்கில் காட்டினாள். பஞ்சு துணியோடு ஒட்டி அசையாமல் நின்றது.

ஏகாம்பரம் தலையைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையைத் தூக்கி, புறங்கையை இடுக்குக்கு நேராக வைத்தார். சவாரிக்கு முன் ஒவ்வொரு தடவையும் வைப்பதுபோல. புறங்கைத் தோலுக்கு உள்ளங்கையைவிடக் காற்று சீக்கிரம் தெரியும் என்பார். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். இருமல் இல்லை. மூச்சு குட்டையாக, ஆனால் ஒரே அளவாக ஓடியது.

"தலவலி போச்சுடி" என்றாள் பவளம், யாருக்கோ ஒளித்துச் சொல்வதுபோல.

சாலவாக்கம் தாண்டிற்று. ஒரு மாட்டுவண்டிக்காகக் கோபால் வேகத்தைக் குறைத்தபோது காற்று தளர்ந்தது. ஏகாம்பரத்தின் நெற்றி சுருங்கியது. வேகம் ஏறியதும் விரிந்தது. சொக்கம்மாள் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தாள். புளியமரத்தடியில் போனது எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமா, பதினைந்தா? சைக்கிள் மாட்டாமல் இருந்திருந்தால் குறைந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலிலேயே நினைவு வந்திருந்தால் அதுவும் இல்லை. அவர் குழாய் என்று அங்கேயே சொன்னாரே.

உத்திரமேரூர் ஏரிக்கரை வந்தது. தண்ணீர் வற்றிய ஏரியில் ஆடுகள் மேய்ந்தன. கோபால், "தோ வந்துட்டோம் மாமா. இன்னும் ரெண்டே மைலு" என்றான்.

இடுக்கில் இருந்த கை மெதுவாக நழுவிச் சொக்கம்மாளின் மடியில் விழுந்தது. அவள் அடுத்த மூச்சுக்காகத் தானும் இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நெஞ்சு அடைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தன் மூச்சை மட்டும் விட்டாள். அவர் நெற்றியில் முடி பறந்துகொண்டே இருந்தது.

கடைத்தெரு, பஸ் நிலையம், திரும்புகிற முனை. ஒரு பஸ் குறுக்கே நின்றது. கோபால் ஹாரனை விடாமல் அடித்தான்.

"மூச்சு கீதா சொக்கு?"

"கீது அண்ணி."

"கண்ணு மூடிக்கினு கீறான்."

"தூங்கறாரு. இப்பத்தான கண்ணு கரிக்காம கீது." அவர் தலையைத் தன் தோளில் இன்னும் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். காதருகே குனிந்து, "வூடு வந்துடுச்சு. சுலோச்சனா வந்துகீறா, பாருங்க" என்றாள். மகள் பெயரைச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் பிசகியது. அவள் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

திருப்புலிவனத்தில் தெருமுனையிலேயே ஆட்கள் நின்றார்கள். கார் வீட்டு வாசலில் நிற்கும் முன்பே வீராசாமி வந்து ஜன்னலில் தட்டினார். தெருவுக்குப் பெரியவர். எந்த வீட்டுச் சாவிலும் அவர் சொல்வதுதான் முறை. பவளம் கண்ணாடியை நாலு விரற்கடை அளவுக்கு இறக்கினாள்.

"உசுரு கீதா?"

சொக்கம்மாள் ஏகாம்பரத்தின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

பவளம் குனிந்து தம்பியின் பாதத்தைத் தொட்டாள். கை அங்கேயே நின்றது. கணுக்கால், முழங்கால் என்று மேலே ஏறியது. திரும்பவும் பாதத்துக்கு வந்தது. நிமிர்ந்து சொக்கம்மாளைப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. எங்கே என்றோ எப்போது என்றோ அவள் உதடு அசையவில்லை. அவர்களுக்கு நடுவில் ஏகாம்பரத்தின் தலை சொக்கம்மாளின் தோளில் கிடந்தது.

பவளம் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"கீது" என்றாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "உசுரு கீதுய்யா! இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? கூடத்துல பாய விரிங்க. தலைய நான் புடிக்கிறேன். நெஞ்சு மேல எவனும் கை வெக்கக் கூடாது, மூச்சு முட்டும். டேய் கோபாலு, கால நீ புடி. நிலப்படி, நிலப்படி, குனி!"

நாலு பேர் தூக்க, ஏகாம்பரம் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டினார். கூடத்தில் கிழக்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். சுலோச்சனா "நைனா" என்று மேலே விழப் போனாள். பவளம் அவளை இழுத்து ஒரு பக்கம் உட்காரவைத்தாள். "அழாத. அவனுக்குக் காதுல வுழும். பால் கொண்டா" என்றாள்.

கூடம் நிறைந்துவிட்டது. வீராசாமி நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பவளம் அவருக்கு முதுகைக் காட்டி, முழங்காலை அகல வைத்து, தம்பியின் முகத்தை மறைத்து உட்கார்ந்தாள். பால் நிறைந்த பாலாடையை வாங்கி அவர் உதட்டுக்கு நடுவில் சாய்த்தாள். பால் வாய்க்குள் நிறைந்து நின்றது. பிறகு கடைவாய் வழியே ஒரு கோடாக இறங்கியது. அது கன்னத்தைத் தொடும் முன் அவள் புடவைத் தலைப்பில் ஒற்றி எடுத்தாள்.

"எறங்கிச்சு" என்றாள் சத்தமாக.

யாரோ பின்னால் "சிவ சிவா" என்றார்கள்.

பவளம் பாலாடையை சொக்கம்மாளிடம் நீட்டினாள். "நீ ஊத்து."

சொக்கம்மாள் வாங்கிச் சாய்த்தாள். பால் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. அதற்கு முன்பே, மடித்த புடவைத் தலைப்போடு பவளத்தின் உள்ளங்கை அவர் தாடைக்குக் கீழே வந்து குவிந்திருந்தது.